அடியா, மீற்றரா?

கொழும்பு கிராண்ட்பாஸில் நாகலகம் வீதியோரம் களனி கங்கையின் நீர்மட்டம் காட்டும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஆற்றின் மேற்பக்கத்து நிலையங்களான நோர்வுட், கித்துல்கல, கிளென்கோஸ், ஹங்வெல்ல எல்லாம் மீற்றரில் பேசும்போது நாகலகம் வீதி மட்டும் அடியிலேயே பேசிக்கொண்டிருந்தது. 5 அடி என்றால் சிறுவெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். வெல்லம்பிட்டியிலும் கொலன்னாவையிலும் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

மஸ்கெலியாவிலிருந்து வந்து, கொழும்பில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். பழைய அளவீட்டுப் புத்தகங்களின் போட்டோகொப்பியை எக்செலில் ஏற்றுவதுதான் வேலை. நாகலகம் வீதியையும் மீற்றர் என்றே ஏற்றிவிட்டேன். 1989 யூன் வெள்ளம் அங்கே 9 அடியைத் தாண்டியது. என் வரைபில் அது 9 மீற்றர், மூன்று மாடி உயரம். எங்கள் பெரியவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற பொறியியலாளர். மொனிற்றரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, உம்மட கணக்குப்படி கொட்டாஞ்சேனையில பூசை வைக்கிறதுக்கும் வள்ளத்திலதான் போயிருக்கோணும்" என்றார். ஏசவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணுக்கு முன்னாலும் "அடியோ, மீற்றரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்.

அந்தப் புத்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரண நாளில் இரண்டு மூன்று பதிவு. வெள்ள நாளில் மணிக்கொன்று. எழுத்து சாய்ந்து, மை ஊறிப் பரவி, ஒரு பக்கத்தின் ஓரத்தில் சிங்களத்தில் "டோர்ச் பற்றரி முடிந்தது" என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே இரண்டு மணி நேரம் வெறும் கோடு. பிறகு விடிந்ததும் மறுபடி எண்கள் ஆரம்பிக்கின்றன. அந்த இரண்டு கட்டங்களையும் நான் சராசரி போட்டு நிரப்பப் பார்த்தேன். பெரியவர் விடவில்லை. "அந்தாள் பாக்கேல்லை எண்டு சொல்லியிருக்கு. நீர் எப்பிடிப் பாத்தனீர்?"

இரண்டாவது பிழை இன்னும் பெரியது. ஹங்வெல்லவுக்குக் கீழே ஒரு நிலையத்தின் எண்களை வருட வரிசையில் வைத்துப் பார்த்தபோது, மழையில்லாத மாதங்களில் மட்டம் வருடத்துக்கு வருடம் இறங்கிக்கொண்டே வந்தது. எனக்குக் கை நடுங்கியது. ஏதோ கண்டுபிடித்துவிட்ட நடுக்கம். காலநிலை மாற்றம் என்று தலைப்பும் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"மழைப் புத்தகம் பாத்தனீரோ?"

பார்க்கவில்லை. பார்த்தபோது மழை அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. பெரியவர் தேத்தண்ணிக் கடை பில்லின் பின்பக்கத்தில் ஆற்றின் குறுக்குவெட்டை வரைந்தார். அடியில் ஒரு கோடு, அதற்குக் கீழே இன்னொரு கோடு. கொழும்பில் கட்டடங்கள் எழும்ப எழும்ப களனியிலிருந்து அள்ளிய மணல் லொறியில் ஏறிக்கொண்டே இருந்தது. ஆற்றின் தரை இறங்கியது. வருகிற தண்ணீர் அதேதான், ஆனால் பள்ளம் ஆழமானதால் அது தாழ்வாக நிற்கிறது. மட்டம் வேறு, பாய்ச்சல், அதாவது ஓடிப்போகிற தண்ணீரின் அளவு, வேறு. மட்டத்திலிருந்து பாய்ச்சலைக் கண்டுபிடிக்க 'ரேட்டிங் கேர்வ்' என்று ஒரு வளைகோடு வைத்திருப்பார்கள். தரை இறங்கினால் அந்தக் கோடு செல்லாது. திரும்பப் பாலத்தில் ஏறி, நீரோட்டமானியை இறக்கி, புதிதாக அளந்து வரைய வேண்டும்.

இதற்குப் பிறகுதான் பழைய வெள்ள உயரங்களைப் பார்க்கும் கண் மாறியது. 1947 ஓகஸ்டில் நாகலகம் வீதியில் 12 அடிக்கு மேல். 2016 மே மாதத்தில் 7 அடிக்கு மேல். அப்படியானால் வெள்ளம் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லலாம், சொல்கிறார்கள். ஆனால் 1947 இல் ஆற்றின் தரை எங்கே, 2016 இல் எங்கே? இரண்டையும் ஒரே கோலால் அளந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது.

தரை இறங்கியதற்கு இன்னொரு விலையும் உண்டு. கீழ்ப்பகுதியில் ஆற்றின் தரை கடல்மட்டத்துக்கும் கீழே போய்விட்டதால், தண்ணீர் குறைந்த நாட்களில் மட்டக்குளி முகத்துவாரத்தால் கடல் உள்ளே ஏறுகிறது. உப்புத்தண்ணீர் பாரமானது, நல்ல தண்ணீருக்கு அடியால் நாக்கு நீட்டுவதுபோல் வரும். கொழும்புக்குக் குடிதண்ணீர் எடுக்கும் அம்பத்தலே வரைக்கும் அது எட்டியது. வரட்சிக்கு வரட்சி ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூட்டை அடுக்கினார்கள். பிறகு நிரந்தரமாகவே ஒரு தடுப்புக் கட்ட வேண்டிவந்தது. ஆற்றிலிருந்து அள்ளிய மணலை மூட்டை கட்டி ஆற்றிலேயே போடுவதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

அடுத்த பாடம் என் சொந்த ஊரிலிருந்தே வந்தது. கித்துல்கலைப் பக்கத்தின் மணித்தியால எண்களில், மழையே இல்லாத நாட்களிலும் மட்டம் ஏறி இறங்குவதைக் கண்டேன். இந்த முறை ஓடவில்லை, முதலில் யோசித்தேன். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் 1960களில் வந்தவை. அவற்றின் தண்ணீர்தான் விமலசுரேந்திர, லக்ஷபான, பொல்பிட்டிய என்று மின்நிலையம் மின்நிலையமாக இறங்கி வருகிறது. இரவு ஏழு மணிக்குக் கொழும்பில் எல்லா வீட்டிலும் லைட்டும் டீவியும் போட, அங்கே விசையாழி சுற்ற, ஆறு ஏறுகிறது. மேலே அம்மா, இங்கே நான், இரண்டு பேரும் சுவிட்சைத் தட்டித் தட்டி ஆற்றை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பழைய மஸ்கெலியா நகரம் அந்த மவுசாகலைத் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. நீர் நன்றாக வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும். சனம் பார்க்கப் போகும், கும்பிடும். சின்ன வயதில் அது எங்களுக்குத் திருவிழா மாதிரி. கோயில் தெரிகிற வருடத்திலும் கீழே ஹங்வெல்லவில் ஆறு ஓடிக்கொண்டிருப்பது, மேலே தேக்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால் என்பதைக் கொழும்புக்கு வந்து எக்செலில்தான் படித்தேன். அணை இல்லாவிட்டால் வரட்சியில் பாய்ச்சல் இன்னும் சுருங்கியிருக்கும்.

"ஆத்துக்குள்ள எத்தினை பேற்றை கை இருக்கெண்டு எண்ணும். எண்ணி முடிச்சாப் பிறகு மிச்சத்தை வானத்தில போடும்" என்பார் பெரியவர். இதை நான் நெடுநாள் பாதிதான் விளங்கிக்கொண்டேன். வானத்தை நம்பாதே என்று சொல்கிறார் என்று நினைத்தேன். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் காலநிலை மாற்றத்தைச் சாட்டுகிறவர்களைக் கண்டால் இப்போதும் எரிச்சல் வரும். ஆற்றில் மட்டுமல்ல, கரையிலும் கை இருக்கிறது. 2018 இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் 'ஈரநில நகரம்' என்ற பட்டம் கிடைத்தது. சதுப்பு நிலத்தில் மண் லொறி கொட்டுவதையோ நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மிச்சம் என்று ஒன்று உண்மையாகவே இருக்கிறது. 2021 இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வில், சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தின் லூகாஸ் குட்முண்ட்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் உலகெங்கும் 7,250 நிலையங்களின் ஆற்றுப் பாய்ச்சலை, 1971 முதல் 2010 வரை, எடுத்துப் பார்த்தார்கள். மத்தியதரைக் கடல் நாடுகளிலும் வடகிழக்குப் பிரேசிலிலும் ஆறுகள் வற்றியிருந்தன, ஸ்கண்டினேவியாவில் கூடியிருந்தன. மனிதர் தண்ணீர் எடுப்பதையும் நிலத்தை மாற்றுவதையும் மட்டும் கணினி மாதிரிக் கணக்கில் வைத்தபோது இந்த உலகப் படம் வரவில்லை. பசுமைக்குடில் வாயுக்களால் மாறிய காலநிலையையும் வைத்தபோதுதான் பொருந்தியது. கைகளை எண்ணி முடித்தும் வானம் மிச்சம் நின்றது. ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் காற்று சுமார் 7 வீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதெல்லாம் சேர்ந்து ஒரே இரவில் இறங்கினால் நாகலகம் வீதிக்குத்தான் வரும்.

அந்த ஆய்வை வாசித்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது 7,250 என்ற எண்தான். அத்தனை கரைகளில் அத்தனை பேர். அவர்களில் எத்தனை பேருக்கு டோர்ச் பற்றரி முடிந்ததோ.

இப்போது நானும் வெல்லம்பிட்டியில்தான் இருக்கிறேன். போன மழையில் இரவு பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார். பின்னால் அவருடைய மகன் பிரிட்ஜை மேசைமேல் ஏற்றத் தயாராக நின்றான்.

"தம்பி, நாகலகம் வீதி இப்ப எவ்வளவு?"

"நாலே முக்கால், அக்கா."

"அடிதானே?"

இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஆமென்றேன்.