திண்ணையில் வைத்த நாற்காலி

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டுத் திண்ணையின் ஒரு முனையில், சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்புக் காரையில் சாய்வாகக் கட்டிய மேடு ஒன்று உண்டு. பகலில் படுப்பவர் தலை வைப்பதும், உட்காருபவர் முதுகைச் சாய்ப்பதும் அதில்தான். அது இருக்கையா, சுவரா என்ற கேள்வி, நெதர்லாந்தின் ஹெரிட் ரீட்வெல்ட் வடிவமைத்த சிவப்பு நீல நாற்காலியை அறிந்த பிறகே என்னுள் எழுந்தது.

உட்ரெக்ட் நகரத்துத் தச்சர் ஒருவரின் மகனான ரீட்வெல்ட், 1918ஆம் ஆண்டையொட்டி அந்த நாற்காலியை வண்ணமின்றியே செய்தார். முதுகுப் பலகைக்குச் சிவப்பும் உட்காரும் பலகைக்கு நீலமும் சட்டங்களுக்குக் கறுப்பும் அவற்றின் வெட்டுமுனைகளுக்கு மஞ்சளும் சில ஆண்டுகள் கழித்தே வந்தன. பழைய தேக்குச் சட்டங்களைக் கொண்டு அதுபோல ஒன்றைச் செய்து தருமாறு எங்கள் ஊர் ஆசாரியிடம் படத்தைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "துளைக்குள் செருகும் கழுந்தும் இல்லை, துளையும் தெரியவில்லை, சட்டமெல்லாம் ஒன்றையொன்று தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறதே, தம்பி" என்றார்.

அந்த நாற்காலியை இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது. மூன்று திசைகளில் வரும் மூன்று சட்டங்கள் பக்கத்தில் பக்கமாக நின்று, உள்ளே மறைந்திருக்கும் மரமுளைகளால் பிணைக்கப்பட்டு, சந்திப்பைத் தாண்டியும் நீள்வதால், நாற்காலி தன்னைச் சுற்றியுள்ள வெளியை அடைக்காமல் தனக்குள் ஓடவிடுகிறது. 1924இல் ட்ரூஸ் ஷ்ரோடர் என்ற பெண்மணிக்காக ரீட்வெல்ட் கட்டிய வீட்டிலும் இதுவே நிகழ்கிறது: மாடியின் தடுப்புகள் நகர்கின்றன, மூலைச் சன்னலைத் திறந்தால் மூலையே இல்லாமற்போகிறது. வீட்டுக்கான ஒத்திகையை அவர் நாற்காலியில்தான் பார்த்தார் என்றே நான் கருதுகிறேன்.

சக்கரமும் குதிரையும் பூட்டிய தேராகவே ஒரு மண்டபத்தைக் கல்லில் எழுப்பிய தாராசுரம் பக்கத்திலேயே இருக்க, கட்டடமும் சிற்பமும் கலப்பது நமக்குப் புதிதன்று. ஆயினும் உட்காரவே முடியாத நாற்காலிகளைக் கலை என்று காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. உடலைத் தாங்கிக்கொண்டே எல்லையை அழிப்பதுதான் கடினமான வேலை.

ஆசாரி முடித்துக் கொடுத்த நாற்காலியைச் சாய்மேட்டுக்கு எதிரில் வைத்து, இரண்டிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். நாற்காலியின் பலகை கடினமானது, ஆனால் சாய்வு முதுகை நன்றாக ஏற்கிறது. சாய்மேட்டிலோ காரையின் குளிர்ச்சியும் தெருவின் காற்றும் சேர்ந்து கிடைக்கின்றன. கொல்லைப் பக்கம் கட்டவிருக்கும் அறையில், சுவரிலிருந்தே சட்டங்கள் நீண்டு இருக்கையாக வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்காகக் கொத்தனாரையும் ஆசாரியையும் முதல் நாளே சேர்ந்து வரச் சொல்லியிருக்கிறேன்.