அரிப்பு நாட்கள்

நவம்பர் 9

முழங்கைப் புண்ணுக்குப் பக்கத்தில், கொப்புளமே இல்லாத நல்ல தோலிலிருந்து ஒரு துண்டு எடுத்தார்கள். ஏன் பக்கத்தில் என்று கேட்டேன். சொறிந்து சிதைந்த இடத்தில் தேடுவது கிடைக்காது, ஓரத்துத் தோலில்தான் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் படிந்திருப்பது தெரியும் என்றார் டாக்டர். மாதிரி சென்னைக்குப் போகிறது. ஒரே ஒரு தையல். மரத்துப்போன அந்த இடம் மட்டும் கொஞ்ச நேரம் அரிக்கவில்லை.

நவம்பர் 11

தூக்கம் இல்லை.

நவம்பர் 14

சிரங்கு என்று சொல்லி வீட்டில் எல்லோரும் கழுத்திலிருந்து கால்வரை லோஷன் பூசிக்கொண்டு படுத்த இரவு ஞாபகம் வந்தது. அத்தையும்கூட, இந்த வயதில். போர்வை, தலையணை உறை எல்லாம் கொதிக்கும் தண்ணீரில். ஆனால் வீட்டில் வேறு யாருக்கும் அரிக்கவே இல்லை. எனக்கு மட்டும்தான். அதை யாராவது அன்றைக்கே யோசித்திருக்கலாம். அப்புறம் படை என்று களிம்பு, ஒவ்வாமை என்று மாத்திரை, அம்மா அரைத்துப் பூசிய குப்பைமேனி.

இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும், பிடரியில் முடி தொடங்கும் இடம். இடப்பக்கம் வந்தால் வலப்பக்கமும் அதே இடத்தில் வரும். முதலில் மிளகாய் அரைத்த கை மாதிரி எரியும். மறுநாள் பொடிப் பொடியாகக் கொப்புளம். டாக்டரிடம் போவதற்குள் நகம் அதை உடைத்துவிடும். அவர் பார்ப்பது கீறலைத்தான்.

நவம்பர் 19

வந்துவிட்டது. டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ். 1884இல் ஃபிலடெல்ஃபியாவில் லூயிஸ் டூரிங் என்ற தோல் மருத்துவர் எழுதி வைத்த நோய். யாருக்கும் ஒட்டாது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்துக்கு எதிராகக் குடலில் கிளம்பும் சண்டை தோலில் வந்து வெடிக்கிறது. இது இருந்தால் சீலியாக் என்ற குடல் நோய் இருக்கிறது என்றே அர்த்தம், தோலிலேயே தெரிந்துவிட்டதால் குடலுக்குள் குழாய் விட வேண்டியதில்லை என்றார்.

என் வயிறு ஒரு நாளும் தொந்தரவு கொடுத்ததில்லை. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பலருக்கு அப்படித்தானாம்.

கோதுமை, பார்லி, ரை என்ற தானியம், மூன்றும் கூடாது. ஆயுள் முழுக்க. சாப்பாட்டை மாற்றி, அதனால் மட்டும் தோல் அடங்க மாதக்கணக்காகும், சிலருக்கு இரண்டு வருடம்கூட. அதுவரை தாங்க ஒரு மாத்திரை.

நவம்பர் 20

பெருங்காயம்! சோறும் இட்லியும் தின்கிற வீடு, சப்பாத்தியை நிறுத்தினால் முடிந்தது என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். கோதுமை மாவு என்று பொடி எழுத்தில் இருக்கிறது. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், கடையில் வாங்கின இட்லிப்பொடி. எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அம்மா வைத்துத் தந்த ரசம்.

நவம்பர் 22

ரத்த அணுவில் இருக்கும் ஜி6பிடி என்ற நொதிக்கான பரிசோதனை சரியாக இருக்கிறது. அது குறைவாக இருந்தால் இந்த மாத்திரை ரத்த அணுக்களை உடைத்துவிடுமாம். டாப்சோன், 50 மில்லிகிராம்.

மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார். அரசு ஆஸ்பத்திரியில் இது இலவசமாகவே கொடுப்பார்களே என்றார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பர் 23

அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கிறது. அவளுடைய பெரியப்பா சாப்பிட்ட மாத்திரை. அவருக்குக் கொல்லைப்புறத்தில் தனித் தட்டு, தனிச் சொம்பு. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “உண்மையைச் சொல்லுடி” என்றாள். தொழுநோய்க்குத்தான் இது வந்தது, நம் செங்கல்பட்டிலேயே 1940களில் காக்ரேன் என்ற டாக்டர் கொடுத்துப் பார்த்தார், ஆனால் என் நோய் அது இல்லை, இந்த அரிப்பையும் இது அடக்கும், அவ்வளவுதான் அம்மா என்றேன். தலையாட்டினாள். ராத்திரி என் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒருவேளை எனக்கு அந்த நோயாகவே இருந்திருந்தால்? அதுவும் குணமாகிற நோய்தான். அந்தப் பெரியப்பா தனித் தட்டில் சாப்பிட்டதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

நவம்பர் 25

அரிக்கவில்லை.

நவம்பர் 26

விடியும்வரை தூங்கினேன். இவர் மூக்கருகே கை வைத்துப் பார்த்தாராம்.

நவம்பர் 30

மாத்திரை தோலை மட்டும்தான் அமர்த்தும், குடலுக்கு ஒன்றும் செய்யாது. இதை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். அரிப்பு நின்றதும் வீட்டில் எல்லோருக்கும் நோயே போய்விட்ட மாதிரி இருக்கிறது.

டிசம்பர் 3, கார்த்திகை

அப்பம் கோதுமை மாவில். பொரி எனக்கு. அவல் பொரி, வெல்லப்பாகு, தேங்காய்ப் பல். வயிறு நிறையச் சாப்பிட்டேன். கோயிலில் புளியோதரை கொடுத்தார்கள். வாங்கிக் கண்ணில் ஒற்றி மகள் குட்டியிடம் கொடுத்தேன். பெருங்காயம்.

டிசம்பர் 8

மாவு மில்லில் எல்லோருடைய கோதுமையும் என் அரிசியும் ஒரே கல்லில். முதலில் கொஞ்சம் அரிசியை ஓட்டித் தள்ளிவிடுகிறேன் என்றார், நல்ல மனுஷர். காற்றில் பறக்கும் மாவை என்ன செய்வது? திரும்பி வந்துவிட்டேன். இனி மிக்ஸிதான்.

குளூட்டன் இல்லை என்று பாக்கெட்டில் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். மில்லில் அதை யார் அளப்பது?

அத்தை எனக்கென்று புது தோசைக்கல் வாங்கி, தினமும் எண்ணெய் தடவி வெங்காயம் தேய்த்துப் பழக்குகிறார். பழைய கல்லில் சப்பாத்தி சுட்டிருக்கிறதே, அது வேண்டாம் என்று அவராகவே சொன்னார். நான் கேட்கவே இல்லை.

டிசம்பர் 13

ஹீமோகுளோபின் 11.8இலிருந்து 10.4. உதடு லேசாக நீலம். இந்த மாத்திரைக்கு இது எதிர்பார்த்ததுதான், கவனித்துக்கொண்டே இருக்கலாம் என்றார் டாக்டர். அயோடின் சிலருக்கு அரிப்பைத் தூண்டிவிடும், கடல்மீனைக் கொஞ்ச நாள் குறையுங்கள் என்றார். நெத்திலியும் போயிற்று.

எழுந்து வரும்போது கேட்டார்: உங்களுக்குக் குழந்தைகள்?

டிசம்பர் 14

பெற்றவர்கள், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு சீலியாக் இருக்கலாம். குட்டி ஒல்லி. போன வருடமே ரத்தம் குறைவு என்று டானிக் கொடுத்தோம். வளரவில்லையே என்று அத்தை சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

டிசம்பர் 16

பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ரத்தத்தில் காட்டாமல் போய்விடும். அதனால் அவள் தினமும் சாப்பிட வேண்டும். நானே மாவு பிசைகிறேன், கையுறை போட்டுக்கொண்டு. தேய்க்கிறேன், சுடுகிறேன், நெய் தடவித் தட்டில் வைக்கிறேன். “இன்னொண்ணு போடும்மா” என்கிறாள். இது அவளுக்குள் போய் என்ன செய்கிறதோ என்று பார்த்துக்கொண்டே இன்னொன்று போடுகிறேன். எந்தத் தாய்க்கும் இந்த வேலை வரக் கூடாது.

டிசம்பர் 17

பரோட்டா கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன்.

டிசம்பர் 29

ரத்தம் கொடுத்தாயிற்று. ஊசியைப் பார்த்து அழவில்லை. இங்கே எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறார்கள்.

ஜனவரி 2

வரவில்லை. லேப்பில் போனை எடுக்கவில்லை.

அம்மா முழுப் பெருங்காயக் கட்டி எங்கிருந்தோ வாங்கி அனுப்பியிருக்கிறாள். மாவு கலக்காததாம். யார் சொன்னது, எப்படித் தெரியும்? பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 4

மாத்திரையைப் பாதியாகக் குறைத்ததிலிருந்து இடது முழங்கையில் புள்ளிகள். வலதிலும். எரிகிறது.

காலையில் ஜடை பின்னும்போது குட்டி முதுகைச் சொறிந்தாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வலப்பக்கம் ஒன்றே ஒன்று, கொசுக்கடிதான். இடப்பக்கமும் பார்த்தேன். முழங்கையை நீட்டச் சொன்னேன், இரண்டையும். “பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சும்மா” என்றாள்.

பதினோரு மணிக்கு லேப்புக்கு நேரிலேயே போகிறேன்.