பெரியப்பாவின் வெண்கல மெர்க்குரி: ஒரு மதிப்பீட்டின் அனுபவம்

பெரியப்பா மறைந்தபின் அவருடைய உடைமைகளை நாங்கள் நான்கு பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தபோது, யாரும் தொடத் தயங்கிய ஒரே பொருள் அவருடைய படிப்பறையில் நின்ற வெண்கலச் சிலைதான். ரோமானியப் புராணத்தில் தேவர்களின் தூதனாக வரும் மெர்க்குரி, சிறகு முளைத்த தொப்பியும் சிறகு கட்டிய குதிகால்களுமாக, காற்றுத் தேவனின் வாயிலிருந்து எழும் மூச்சின் மேல் இடது கால் நுனியை மட்டும் ஊன்றி, வலது கையின் சுட்டுவிரலை வானத்தை நோக்கி நீட்டியிருப்பான். சிலை நானூறு ஆண்டுப் பழமையானது என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த செய்தி. அதற்கு எழுத்தில் எந்தச் சான்றும் இல்லை.

மதிப்பீட்டாளரைத் தேடுவதற்கு முன்பே நான் இரண்டு தவறுகளைச் செய்துவிட்டேன். காந்தத்தை வைத்துப் பார்த்து, அது ஒட்டவில்லை என்பதால் முழுச் சிலையும் வெண்கலம் என்று முடிவு கட்டியது முதல் தவறு. துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது என்பதும், வெண்கலம்போல் வண்ணம் பூசிய துத்தநாகச் சிலைகள் 19ஆம் நூற்றாண்டில் ஏராளமாக வார்க்கப்பட்டன என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. இரண்டாவது தவறுதான் இன்றும் மனத்தை உறுத்துகிறது. உள்ளே என்ன உலோகம் என்று பார்க்கும் ஆவலில், குதிகாலில் கட்டைவிரல் அளவு இடத்தை மெருகுப் பசையால் தேய்த்துவிட்டேன். பழுப்பேறிய மேற்படலம் கரைந்து, அந்த இடம் மட்டும் மஞ்சளாக மின்னியது.

முதலில் அணுகிய வணிகர் ஒருவர் சிலையைக் கையில் எடுத்த சில நிமிடங்களிலேயே ஒரு தொகையைச் சொல்லி, அந்தத் தொகைக்குத் தாமே வாங்கிக்கொள்வதாகவும் கூறினார். விலை சொல்பவரே வாங்குபவராகவும் இருந்தால் அந்தச் சொல்லை எப்படி நம்புவது என்று என் தங்கை கேட்டாள். அவள் கேட்டது சரி. பிறகு நாங்கள் தேர்ந்தெடுத்த மதிப்பீட்டாளர், செலவிடும் மணிநேரத்துக்கு மட்டுமே கட்டணம் என்றும், மதிப்பில் விழுக்காடு பெறுவதோ தாம் மதிப்பிட்ட பொருளை வாங்குவதோ இல்லை என்றும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "எதற்காக மதிப்பு வேண்டும்?" என்பது. காப்பீட்டுக்கு என்றால், அதேபோன்ற இன்னொன்றை வாங்க ஆகும் செலவைக் கணக்கிட வேண்டும். பாகப்பிரிவினைக்கு என்றால், கட்டாயம் ஏதுமின்றி விற்பவரும் வாங்குபவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய சந்தை மதிப்பு வேண்டும். ஒரே சிலைக்கு இவை இரண்டும் வெகுவாக வேறுபடலாம் என்பதை நாங்கள் அன்றுதான் அறிந்தோம்.

சிலையின் முகத்தை அவர் நீண்ட நேரம் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மென்துணி விரித்த மேசையில் அதைப் படுக்கவைத்து, பீடத்தின் அடிப்புறத்தை விளக்கொளியில் ஆராயத் தொடங்கினார். உட்புறச் சுவர் ஏறக்குறைய ஒரே கனத்தில், மணல் அச்சின் சொரசொரப்போடு இருந்தது. கையையும் உடலையும் தனித்தனியே வார்த்து, ஒன்றினுள் ஒன்று செருகி, ஆணி அடித்து, வெளிப்புறத்தில் உளியால் இழைத்து இணைப்பை மறைத்திருந்தார்கள். தோளுக்குக் கீழே மயிரிழைபோல் ஓடிய அந்தக் கோட்டை அவர் காட்டிய பிறகுதான், இத்தனை ஆண்டுகள் பார்த்தும் என் கண்ணில் படாத ஒன்று அங்கே இருந்தது புரிந்தது. பீடத்தின் மரையாணியில் புரிகள் இயந்திரத்தில் வெட்டியதுபோல் சீராக இருந்தன; ஆனால் மரையாணியைப் பின்னாளில் மாற்றியிருக்கக்கூடும் என்பதால் அதை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது என்றார்.

பீடத்தின் விளிம்பில் 'ஜான் தெ போலோன்' என்று பிரெஞ்சு வழக்கில் பெயர் பொறித்திருந்தது. ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் 1529இல் பிறந்து இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் வாழ்ந்து 1608இல் இறந்த சிற்பி ஜாம்போலோன்யாவின் பெயர் அது. அவருடைய புகழ்பெற்ற பெரிய மெர்க்குரி இன்று அந்நகரின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயரைப் பார்த்ததும் எனக்கு எழுந்த நம்பிக்கை நீடிக்கவில்லை. ஆஷில் கொலாஸ் உருவாக்கிய அளவு குறைக்கும் இயந்திரத்தைக் கொண்டு, அவரும் ஃபெர்டினாண்ட் பார்பெதியனும் 1838இல் பாரிஸில் தொடங்கிய நிறுவனமும் அதைப்போன்ற பிற வார்ப்புச்சாலைகளும் பழஞ்சிலைகளின் சிறிய படிகளை வார்த்து விற்றதையும், அவற்றில் மூலச் சிற்பியின் பெயரைப் பொறிப்பது வழக்கம் என்பதையும் மதிப்பீட்டாளர் விளக்கினார்.

அடுத்து எழுந்த ஐயம், இது அத்தகைய படியா, அல்லது படியிலிருந்து அச்செடுத்த படியா என்பது. வெண்கலம் ஆறும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு சுருங்குவதால், வார்த்த சிலையிலிருந்தே அச்செடுத்தால் உயரம் குறையும். விரல் நகம், தலைமயிர் போன்ற நுணுக்கங்களும் மழுங்கிவிடும். பீடத்தை விட்டுவிட்டு, கால் நுனியிலிருந்து சுட்டுவிரல் நுனி வரை மூன்று முறை அளந்து, தம்மிடமிருந்த பழைய பதிவுகளோடு அவர் ஒப்பிட்டார். அளவு பொருந்தியது. உருப்பெருக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார்; சிறகின் ஒவ்வோர் இறகிலும் வார்ப்புக்குப் பின் உளி ஓடிய தடம் கூர்மையாகத் தெரிந்தது. சொன்னால் மிகையாகத் தோன்றலாம், அந்த நொடியில் நானூறு ஆண்டு என்ற கதை போனதைப் பற்றிய வருத்தம் எனக்கு அடியோடு நீங்கிவிட்டது.

உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதால், படலம் குறைந்த உட்புறத்தில் அதை வைத்தார். செம்பு மிகுந்து, அதற்கடுத்துத் துத்தநாகமும் சிறிது வெள்ளீயமும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டு வார்ப்புக்கு அது ஒத்துப்போகிறது, ஆயினும் அதுவே காலத்தை உறுதிசெய்யாது என்று எழுதிக்கொண்டார். இடது கையில் இருந்த, பாம்புகள் பின்னிய கோலில் மட்டும் கருவி பெரும்பாலும் துத்தநாகத்தையே காட்டியது. மூலக்கோல் எப்போதோ தொலைந்து, வேறொன்று பொருத்தப்பட்டிருக்கிறது. காற்றுத் தேவனின் உதட்டோரத்தில் இருந்த வெளிர்பச்சைத் தூளைத் துடைத்துவிட்டு, சில வாரங்களில் மீண்டும் தோன்றினால் அது குளோரைடு உப்பால் உலோகம் அரிக்கப்படுவதன் அடையாளம் என்றும், ஈரப்பதம் குறைந்த இடத்தில் வைத்துப் பாதுகாப்பு நிபுணரிடம் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். தூள் மீண்டும் வரவில்லை.

பெரியப்பா எப்போது, எப்படி வாங்கினார் என்பதற்கு ரசீது இல்லை. ஆனால் பழைய பெட்டியொன்றில், பின்புறம் தேதி எழுதிய புகைப்படத்தில், அவர் நாற்காலிக்குப் பின்னால் இந்த மெர்க்குரி நின்றான். அது அறிக்கையில் இணைக்கப்பட்டது. திருட்டுப்போன கலைப்பொருள்களுக்காக இன்டர்போல் வைத்திருக்கும் தரவுத்தளத்திலும் தேடிப் பார்த்து, பதிவு ஏதும் இல்லை என்பதை அவர் குறித்தார்.

அறிக்கையில் 'ஜாம்போலோன்யாவின் படைப்பு' என்றோ 'அவர் பட்டறையைச் சேர்ந்தது' என்றோ இல்லாமல், 'ஜாம்போலோன்யாவைப் பின்பற்றிய வார்ப்பு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி' என்று இருந்தது. மாற்றப்பட்ட கோலும் நான் தேய்த்த குதிகாலும் குறைகளாகப் பதிவாகி, மதிப்பிலும் கழிந்தன. தேய்த்த இடத்துக்கு நாங்களாக வண்ணம் பூசக் கூடாது என்பது அவர் கண்டிப்பாகச் சொன்ன ஒன்று. அறிக்கையில் கண்ட மதிப்பை நால்வரும் ஏற்றுக்கொண்டோம். சிலை தங்கையின் பங்காயிற்று. துத்தநாகக் கோலைக் கழற்றி, 'பிற்காலத்தில் சேர்த்தது' என்று சீட்டெழுதிக் கட்டி, தனிப் பெட்டியில் வைத்து அவளிடம் கொடுத்தேன்.