கான்டர்பரிக்காரர்களின் போனஸ்

"ஏட்டி, நிப்பாட்டு, நிப்பாட்டு" என்றார் அப்பா.

நிறுத்தினேன். திரையில் ஜேம்ஸ் ஹோல்டன் உறைந்து நின்றான். 'தி எக்ஸ்பான்ஸ்' என்ற விண்வெளித் தொடரின் முதல் எபிசோடில் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும். அப்பா அதுவரை சோபாவில் சாய்ந்து, கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு அரைத் தூக்கத்தில் இருந்தார். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப என்ன பண்ணான் அவன்? டிஸ்ட்ரெஸ் காலை லாக்ல ஏத்திட்டானா?"

"ஆமா."

"யாருக்கும் தெரியாமலா?"

"ஆமாப்பா."

"அப்ப போய்த்தான் ஆகணும். லாக்ல ஏறியாச்சுல்லா. இனி எந்தக் கேப்டனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த எபிசோடை அதற்கு முன் நான் ஐந்தாறு தடவையாவது பார்த்திருப்பேன். ஹோல்டன் நல்லவன், அதனால் உதவப் போகிறான் என்று மட்டும்தான் புரிந்துவைத்திருந்தேன். ஆபத்தில் இருக்கும் கப்பலின் அழைப்பு குறிப்பேட்டில் ஏறிவிட்டால் போயே ஆக வேண்டும் என்று அப்பா அங்கே ஒரு சட்டத்தைப் பார்த்தார்.

அப்பா தூத்துக்குடிக்காரர். கப்பலில் வைப்பராக ஏறி, ஆயிலராகி, கடைசியில் மோட்டார்மேனாக இறங்கியவர். இருபத்தாறு வருஷம் இன்ஜின் ரூம். 2019 ஜூனில் கண்புரை ஆபரேஷனுக்காகச் சென்னைக்கு என் வீட்டுக்கு வந்தார். சென்னையில் தண்ணீரே இல்லாத ஜூன் அது. எங்கள் குடியிருப்புக்கு லாரி வாரத்துக்கு இரண்டு தடவை வரும், அதுவும் எந்த நேரம் என்று சொல்ல முடியாது. அதனால் இரவு ஒரு மணி வரை யாராவது விழித்திருக்க வேண்டும். விழித்திருப்பது என் முறை. விழித்திருக்க எனக்குத் தெரிந்த வழி எக்ஸ்பான்ஸ்.

பார்க்காதவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன், கதை முழுக்க அவிழும். இப்போதே திரும்பிப் போய்விடலாம்.

இருநூறு, முந்நூறு வருஷம் கழித்து நடக்கும் கதை. பூமி ஐ.நா.வின் ஆட்சியில் இருக்கிறது. செவ்வாய் தனி நாடு, ராணுவ வெறி பிடித்தது. இரண்டுக்கும் வெளியே சிறுகோள் பட்டையிலும் சனி, வியாழனின் நிலாக்களிலும் வேலை செய்து சாகிறவர்கள் பெல்டர்கள். குறைந்த ஈர்ப்பில் பிறந்து வளர்ந்ததால் எலும்பு நீண்டு மெலிந்திருக்கும். பூமியில் இறக்கினால் அந்த உடம்பு தாங்காது. அப்படி ஒரு பெல்டரைக் கொக்கியில் தொங்கவிட்டு, பூமியின் எடையையே சித்திரவதையாக வைத்து விசாரிக்கும் காட்சி முதல் எபிசோடிலேயே வருகிறது.

'கான்டர்பரி' ஹோல்டன் வேலை பார்க்கும் ஒரு பழைய பனிக்கட்டிக் கப்பல். சனியின் வளையத்திலிருந்து பனிக்கட்டியை வெட்டி, சிறுகோள் பட்டையில் இருக்கும் சீரீஸ் நிலையத்துக்குக் கொண்டு வரும். அங்கே அதுதான் குடிதண்ணீர். சீரீஸ் துறைமுகத்தில் ஒருவன் நின்று கூட்டத்தைப் பார்த்துக் கத்துவான்: இந்தக் கல் ஒரு காலத்தில் பனியால் மூடிக் கிடந்தது, ஆயிரம் தலைமுறைக்குப் போதும், பூமியும் செவ்வாயும் சுரண்டிக்கொண்டு போய்விட்டார்கள், இப்போது நமக்கே ரேஷன் என்று. (நிஜ சீரீஸில் நாஸாவின் டான் விண்கலம் 2015 மார்ச்சில் போய்ச் சுற்றியது. உள்ளே நிறையவே பனி இருக்கிறது. சுரண்ட இன்னும் யாரும் போகவில்லை, அவ்வளவுதான்.) அந்தப் பேச்சு ஓடும்போது கீழே ஹாரன் கேட்டது. லாரி. நாங்கள் இருவரும் குடத்தோடு ஓடினோம். அப்பா ஆபரேஷன் ஆன கண்ணோடு குடம் தூக்கக் கூடாது. தூக்கினார்.

ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. ஐம்பது வேகன், இருபத்தைந்து லட்சம் லிட்டர். டிவி செய்தியில் அதைக் காட்டியபோது அப்பா "கான்டர்பரி வந்துட்டு" என்றார். அதற்குள் அவரும் தொடரில் விழுந்துவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் விழுந்தது 2017இல். அப்போது இங்கே நெட்பிளிக்ஸில் இருந்தது. அலுவலகத்தில் ஒரு ஆள் "பொலிட்டிக்ஸ் நல்லா இருக்கும்" என்றார். எனக்குப் பிடித்தது பிளம்பிங். இந்தத் தொடரில் காற்றுக்கு ஃபில்டர் உண்டு, ஃபில்டருக்குக் காசு உண்டு, காசு மிச்சம் பிடிக்கப் போலி ஃபில்டர் போட்ட ஆள் உண்டு, அதனால் இருமும் குழந்தைகளும் உண்டு. மற்ற விண்வெளித் தொடர்களில் கப்பலுக்குள் ஈர்ப்பு எப்படி வருகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே இன்ஜின் ஓடினால்தான் எடை. கப்பல் மாடிக் கட்டடம் மாதிரி கட்டப்பட்டிருக்கும், இன்ஜின் அடித்தளத்தில். கப்பல் முன்னேறுவது என்றால் உள்ளே இருப்பவர்களுக்கு அது மேலே போகிற லிஃப்ட். பாதி தூரம் போனதும் கப்பலைத் தலைகீழாகத் திருப்பி, இன்ஜினைப் போகிற திசைக்கே காட்டி எரித்து வேகத்தைக் குறைப்பார்கள். அப்பாவுக்கு இது உடனே பிடித்துவிட்டது. ஃபுல் அஸ்டர்ன், அதாவது முழு ரிவர்ஸ், கொடுத்தாலும் சரக்குக் கப்பல் மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும், நினைத்த இடத்தில் நிற்கிற கப்பலைச் சினிமாவில்தான் பார்க்கலாம் என்றார்.

சீரீஸில் துப்பறியும் மில்லர் விஸ்கி ஊற்றும் ஒரு சில விநாடிக் காட்சி இருக்கிறது. சுழலும் நிலையம் என்பதால் விஸ்கி நேராக விழாமல் வளைந்து டம்ளருக்குள் போகும். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அந்தக் காட்சிக்காகவே நான் நாலு பேரை இந்தத் தொடருக்குள் தள்ளியிருக்கிறேன். மூன்று பேர் பாதியில் ஓடிவிட்டார்கள்.

2018 மே மாதம் சைஃபை சேனல், மூன்றாவது சீசனோடு முடிகிறது என்று அறிவித்தது. தொடரைத் தயாரித்தது ஆல்கான் நிறுவனம். சேனலிடம் இருந்ததோ அமெரிக்காவில் முதல் ஒளிபரப்பு உரிமை மட்டும். ஒளிபரப்பாகும் நேரத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள்தான் அவர்கள் கணக்கில் வருவார்கள். பெரம்பூரில் உட்கார்ந்து பார்க்கும் நான் அந்தக் கணக்கில் பூஜ்யம். (மூன்றாவது சீசனை நான் எப்படிப் பார்த்தேன் என்று யாரும் கேட்காதீர்கள்.) ஆனாலும் மனுவில் கையெழுத்துப் போட்டேன். ஒரு லட்சத்துக்கு மேல் சேர்ந்தது. ரசிகர்கள் பணம் வசூலித்து, அமேசான் ஸ்டூடியோவுக்கு மேலே பேனர் கட்டிய விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார்கள். இன்னொரு கூட்டம், ஹோல்டன் குழுவின் கப்பலான ரோசினான்டேயின் பொம்மையை பலூனில் கட்டி வானத்தின் விளிம்புவரை அனுப்பியது. மாதம் முடிவதற்குள் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த விண்வெளி மாநாட்டில், தொடரின் நடிகர்களும் இருந்த இடத்தில், அமேசானின் ஜெஃப் பெசோஸே எழுந்து தொடர் பிழைத்தது என்றார். பூமியின் பெரும் பணக்காரர் வந்து பெல்டர்களைக் காப்பாற்றியதில் உள்ள வேடிக்கை எனக்கும் தெரியும். அன்றைக்கு நான் கேசரி கிண்டினேன்.

அப்பாவுக்கு இந்தக் கதையை எல்லாம் சொன்னபோது, "ஒரு நாடகத்துக்கா ப்ளேன் விட்டாவ?" என்று கேட்டார். ஆறு இரவு கழித்து, "அந்தப் ப்ளேனுக்கு எவ்வளவு ஆகியிருக்கும்?" என்று கேட்டார்.

அவரோடு பார்ப்பது தனிக் கலை. அவருக்கு இங்கிலீஷ் ஓரளவு தெரியும், ஆனால் அது கப்பல் இங்கிலீஷ். பூமியின் அரசியல்வாதி அவசரலாவாக வரும் ஷோரே அக்தஷ்லூ பட்டும் நகையுமாக வந்து, அந்தக் கரகரத்த குரலில் வாய் கூசாமல் திட்டுவார். நான் சத்தத்தைக் குறைத்தேன். "என்னத்துக்குக் குறைக்க? எங்க சீஃப் இன்ஜினியர் இதைவிட நல்லாப் பேசுவாரு" என்றார்.

பெல்டர்களின் பேச்சு இன்னொரு விஷயம். நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் அதற்காகவே ஒரு கலப்பு மொழியை உருவாக்கினார். பல நாட்டுக்காரர்கள் ஒரே இடத்தில் வேலை செய்து உண்டான பேச்சு என்பது கணக்கு. சகோதரன் என்றால் 'பெரட்னா', தலைவர் 'போஸ்மாங்', நம்ம ஆட்கள் 'பெல்டலவுடா', உள்கோள்காரர்கள் 'இன்யலவுடா'. கையையும் பெரிதாக ஆட்டிப் பேசுவார்கள், ஏனென்றால் விண்வெளி உடைக்குள் முகம் தெரியாது. நான் சப்டைட்டில் இல்லாமல் திணறியதை அப்பா போகிற போக்கில் பிடித்தார். இன்ஜின் ரூமில் காதில் அடைப்பு, பக்கத்தில் பிலிப்பினோ, மேலே உக்ரைன்காரர், கீழே ரத்னகிரிக்காரர். அங்கேயும் கைதான் பேசும், வாயில் வருவது பாதி இந்தி, பாதி எதுவோ.

முதல் சீசன் முடிந்த இரவில் அவராகவே ஒரு கதை சொன்னார். அரபிக்கடலில் ஒரு மரக்கலம் மூழ்கிவிட்டது, அழைப்பு வந்தது, இவர்கள் கப்பல் பதினான்கு மணி நேரம் திரும்பிப் போனது. பதினோரு பேரை ஏற்றினார்கள். "கேப்டனுக்குப் போக மனசே இல்ல. ஆனா ரேடியோ ஆபீசர் எழுதிட்டாரு. சோலாஸ்னு ஒண்ணு இருக்கு, கடல்ல உயிரைக் காக்க எல்லா நாட்டுக்கும் பொதுவான சட்டம். எழுதினப்புறம் போகாம இருந்தா லைசென்ஸ் போயிரும்." இதை ஏன் வீட்டில் சொன்னதே இல்லை என்று கேட்டேன். "நீங்க யாரும் கேக்கலியே" என்றார். நியாயம்தான். அவர் கடிதங்களில் உடம்பு சௌக்கியமா, ஃபீஸ் கட்டியாச்சா என்றுதான் இருக்கும். டர்பனிலிருந்து போட்ட கடிதம், அதற்குப் பிறகு சிங்கப்பூரிலிருந்து போட்ட கடிதத்துக்கும் பின்னால் வந்து சேரும். எக்ஸ்பான்ஸில் தூரத்தில் இருப்பவர்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். சனியிலிருந்து ஒளி பூமிக்கு வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கேமராவைப் பார்த்துப் பேசி அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். அந்தக் காட்சிகளில் அப்பா பேசவே மாட்டார்.

செப்டம்பரில் ஊருக்குப் போய்விட்டார். அதற்குள் மூன்று சீசனும் முடிந்திருந்தது. டிசம்பரில் நான்காவது சீசன் மொத்தமாக வந்தது. அது கொஞ்சம் சுமார்தான், கிரகத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள், கப்பல் குறைவு. 2020 டிசம்பரில் வந்த ஐந்தாவது, முதல் மூன்று எபிசோடுக்குப் பிறகு வாரம் ஒன்று. புதன்கிழமை வரும். அவர் தூத்துக்குடியில் என் பழைய டேப்லெட்டில் பார்ப்பார், நான் இங்கே பார்ப்பேன், இரவு போன்.

அந்த சீசனில் ஹோல்டனின் காதலியும் கப்பல் இன்ஜினியருமான நவோமி ஒரு கப்பலில் தனியாக மாட்டிக்கொள்கிறாள். அவள் குரலிலேயே ஒரு போலி உதவி அழைப்பு திரும்பத் திரும்ப ஒலிபரப்பாகிறது. ஹோல்டனை வரவழைத்து வெடிக்க வைக்கும் பொறி. மைக்கும் இல்லை, கருவியை எட்டவும் முடியவில்லை. உள்ளே போய் வயரை வைத்துக்கொண்டே அழைப்பை இடையில் வெட்டி வெட்டி, அர்த்தமே மாறும்படி செய்கிறாள். அந்த வாரம் போனை எடுத்ததும் அப்பா ஹலோகூடச் சொல்லவில்லை. "முதல்லயும் பொய்யான டிஸ்ட்ரெஸ் காலு. இப்பவும் பொய்யான டிஸ்ட்ரெஸ் காலு. பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. ஐந்து சீசனாக அந்த முடிச்சு கண் முன்னால் கிடந்திருக்கிறது. கான்டர்பரியை இழுத்ததும் தூண்டில் அழைப்புதான். ஹோல்டன் அதை எழுதிவைத்தான், கப்பல் திரும்பியது, சிறு படகில் இறங்கிப் போன ஐந்து பேர் தவிர எல்லோரும் செத்தார்கள்.

ஆறாவது சீசன் வெறும் ஆறு எபிசோடு. 2022 ஜனவரி 14, பொங்கல் அன்று கடைசி எபிசோடு வந்தது. மூல நாவல்கள் ஒன்பது. தொடர் ஆறாவதோடு நின்றுவிட்டது. லக்கோனியா என்ற தூரத்துக் கிரகத்தில் செத்துப்போன பையனை அந்த விநோத நாய்கள் எழுப்பித் தருவதைக் காட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. என் ஸ்கூட்டரில் 'கான்டர்பரியை மறவாதே' ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். வாட்ச்மேன் அண்ணன் அது எந்தக் கட்சி என்று கேட்டார்.

கடைசியில் ஹோல்டனைப் போக்குவரத்து யூனியனுக்குத் தலைவராக்குகிறார்கள். ஏற்றுக்கொண்ட கையோடு அவன் ராஜினாமா செய்து, பெல்டரான டிரம்மரிடம் கொடுத்துவிடுவான். அன்றைக்கு ஊரில் சொந்தக்காரர்கள் கூட்டம். பின்னால் குக்கர் சத்தம், குழந்தைகள் சத்தம். அப்பா மாடிக்குப் போய்ப் பேசினார்.

"யூனியனைக் கப்பல்காரி கையில குடுத்தாம்லா. அது சரி."

"பிடிச்சதாப்பா?"

"பிடிச்சுது. ஒண்ணு கேக்கணும். அந்தக் கான்டர்பரில செத்தாவள்லா, அம்பது பேரு. போனஸுக்காகத்தான திரும்ப மாட்டேன்னாவ. அந்தக் காசு வீட்டுக்குப் போய்ச்சா? காம்பன்சேஷன் எதுவும் குடுத்தாவளா?"

அறுபத்திரண்டு எபிசோடையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

"அதைக் காட்டலப்பா."

"காட்ட மாட்டான்" என்றார். கீழே யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டார்.