மேக்சிலரி சைனஸ் புற்றுநோய்: என் கணவரின் சிகிச்சையில் நாங்கள் கடந்து வந்தவை

என் கணவர் தச்சுத் தொழில் செய்பவர். மாதக்கணக்கில் அவருக்கு இடப்பக்க மூக்கு மட்டும் அடைத்திருந்தது. சளியில் அவ்வப்போது ரத்தம் கலந்து வந்தது. சைனஸ் தொல்லை என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அதே பக்கத்து மேல் கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கியது. பல்லை எடுத்த பின்பும் குழி ஆறாததைக் கண்ட பல் மருத்துவர்தான் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஒரே பக்கத்தில் அடைப்பும் ரத்தமும் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்துவிட வேண்டும் என்பதை இப்போது தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

பயாப்சியில் (சதைத் துணுக்குப் பரிசோதனையில்) மேக்சிலரி சைனஸில், அதாவது கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையில், ஸ்குவாமஸ் செல் (தட்டைச் செல்) புற்றுநோய் என்று வந்தது. மருத்துவர் முதலில் கேட்டது அவருடைய தொழிலைத்தான். இங்கிலாந்தின் ஹை விக்கம் ஊரில் மரச்சாமான் செய்யும் தொழிலாளர்களுக்கு இந்த அரிய நோய் அதிகம் வருவதை 1960-களில் அங்கிருந்த மருத்துவர் எஸ்மி ஹாட்ஃபீல்ட் கவனித்தார். 1995-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய்க் காரணி என்றே வகைப்படுத்தியது. ஆனால் மரத்தூளோடு மிக நெருங்கிய தொடர்புடையது கண்களுக்கு நடுவே உள்ள எத்மாய்டு சைனஸில் வரும் அடினோகார்சினோமா என்னும் சுரப்பிச் செல் புற்றுநோய். என் கணவருக்கு வந்தது வேறு வகை என்பதாலும், பீடிப் பழக்கமும் இருந்ததாலும், தூள்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் எங்கள் மருத்துவர்.

அன்றிரவு நான் உயிர்வாழும் விகிதங்களைத் தேடிப் படித்தேன். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வரும் நோய் இது. ஐந்தாண்டு கடப்பவர்கள் பாதிக்குச் சற்று மேல் என்ற கணக்கு நெஞ்சை அடைத்தது. மறுநாள் மருத்துவர் விளக்கிய பிறகுதான் அந்தச் சராசரிக்குள் எத்தனை நோய்கள் கலந்திருக்கின்றன என்று புரிந்தது. மூக்கின் உட்சவ்வில் வரும் மெலனோமாவில் (நிறமிச் செல் புற்றுநோயில்) பிழைப்பவர்கள் மிகக் குறைவு. சிறு சுரப்பிகளில் தோன்றி மெல்ல வளரும் அடினாய்டு சிஸ்டிக் வகையில் ஐந்தாண்டுக் கணக்கு நன்றாக இருந்தாலும், பத்தாண்டு கழித்துக்கூட நோய் திரும்பக்கூடும். கட்டி தோன்றிய இடத்தைத் தாண்டாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு அமெரிக்கப் பதிவேடுகளில் ஐந்தாண்டு விகிதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் கட்டி முற்றிய பிறகே வருகிறார்கள், ஏனெனில் காற்று நிறைந்த அந்த அறையில் அது வலியில்லாமலே வளர்கிறது. எனவே செல்லின் வகை, தோன்றிய இடம், நிலை ஆகிய மூன்றும் தெரியாமல் யாரும் அந்த எண்களைப் படித்துக் கலங்க வேண்டாம்.

மருத்துவர் கணவரின் முகத்திலேயே, கண்ணின் உள்முனையிலிருந்து தாடைக் கோணம் வரை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். 1933-இல் ஓங்ரென் என்ற மருத்துவர் வகுத்த கோடு அது. அதற்கு முன்னும் கீழும் உள்ள கட்டிகளை முழுமையாக அகற்றுவது எளிது. பின்னும் மேலும் உள்ளவை கண்குழியையும் மண்டையோட்டின் அடித்தளத்தையும் நெருங்கிவிடும். எங்களுடையது கீழே, அண்ண எலும்பை மட்டும் அரித்திருந்தது.

அறுவை சிகிச்சையில் மேல்தாடையின் கீழ்ப்பகுதியை அண்ணத்தோடு எடுத்தார்கள். அதற்கு முன்பே வாயின் அச்செடுத்து, அந்தத் திறப்பை மூட ஒரு தகட்டைச் செய்து வைத்திருந்தார்கள், ஆப்டுரேட்டர் என்பார்கள். அது இல்லாமல் அவர் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியே வந்துவிடும், பேச்சும் புரியாது. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் அதைக் கழற்றிக் கழுவி, குழியை உப்புநீரால் அலசி, காய்ந்து ஒட்டியிருக்கும் பொருக்குகளை நீக்க வேண்டும். முதலில் என் கை நடுங்கியது. இப்போது அவரே கண்ணாடி முன் நின்று செய்துகொள்கிறார். புண் ஆற ஆறக் குழியின் வடிவம் மாறும் என்பதால், தகட்டைப் பலமுறை சரிசெய்ய வேண்டியிருந்தது.

பிறகு தலை அசையாதிருக்க முகத்துக்கு மாஸ்க் செய்து, வாரத்துக்கு 5 நாள் வீதம் கதிர்வீச்சு தந்தார்கள். வாய்ப்புண்ணைவிட அவரை வாட்டியது வாய் திறக்க முடியாமல் போனதுதான். ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, சில நாளுக்கு ஒரு குச்சி கூட்டும் பயிற்சியைக் கதிர்வீச்சின் தொடக்கத்திலிருந்தே செய்பவர்களுக்கு இந்தத் துன்பம் குறையலாம்.

இந்த நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள், அதே இடத்தில்தான் திரும்பும். அதனால் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் தகட்டைக் கழற்றி, குழியின் உட்புறம் முழுவதையும் மருத்துவர் நேராகவே பார்த்துவிடுகிறார். ஸ்கேனும் இடையிடையே எடுக்கிறோம்.