சாத்தியே இருக்கும் இரண்டாவது கதவு

கனடாவின் கியூபெக் மாகாணத்து மாண்ட்ரியலில் நான் போய் இறங்கிய நாள் ஜூலை 1. பிளாத்தோ வட்டாரத்தில் அண்ணன் மகள் குடியிருக்கும் தெருவுக்குள் டாக்சி நுழையவே முடியவில்லை. தெரு நெடுகக் கட்டில், மெத்தை, ஃபிரிட்ஜ், தொட்டியோடு செடிகள். ஒரு பால்கனியிலிருந்து இரண்டு பேர் சோபாவைக் கயிறு கட்டி இறக்க, கீழே ஒருவர் இரு கைகளையும் தூக்கி அதை வாங்கக் காத்திருந்தார்.

"கியூபெக்ல இன்னைக்குத்தான் எல்லாரும் வீடு மாறுவாங்க அத்தை" என்றபடி பெட்டியை வாங்கிக்கொண்டாள். இங்கே வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30-ல் முடியும். முன்பெல்லாம் மே மாதத்தில் மாறுவார்களாம். பள்ளிக்கூடம் நடக்கும்போது பிள்ளைகளை அலைக்கழிக்க வேண்டாமென்று 1970களில் ஜூலைக்குத் தள்ளினார்கள்.

அவள் வீட்டுக்கு ஏற, தெருவிலிருந்தே தொடங்கும் இரும்புப் படிக்கட்டு. பாதியில் ஒரு வளைவு எடுத்து இரண்டாம் தளத்துப் பால்கனியில் கொண்டுபோய் விடுகிறது. பிளாத்தோவின் முகமே இந்தப் படிகள்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொழிலாளர்களுக்காக இந்த வரிசை வீடுகளைக் கட்டியபோது, படியை வெளியே வைத்தால் உள்ளே அறைக்கு இடம் மிச்சம், சூடாக்க வேண்டிய பரப்பும் குறைவு. பனி உறைந்தால் ஏறி இறங்குவது ஆபத்து என்று பிற்பாடு நகராட்சி புதிதாக இப்படிக் கட்டவே தடை போட்டது. பல பத்தாண்டுகள் கழித்து அதே நகராட்சி இவற்றைப் பாரம்பரியம் என்று போற்றத் தொடங்கியது.

பால்கனியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவுகள், இரண்டு வீட்டு எண்கள். எதில் நுழைவது என்று தயங்கினேன். இடது கதவைத் திறந்தாள். வலது கதவுக்குக் கைப்பிடி இருந்தது, தபால் பெட்டி இருந்தது, பச்சை வண்ணம்கூடப் புதிது. ஆனால் அது திறக்காது.

நமக்கு டூப்ளெக்ஸ் என்றால் உள்ளுக்குள் மாடிப்படி வைத்த ஒரே வீடு. மாண்ட்ரியலில் அந்தச் சொல்லுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வீடுகள் உள்ள கட்டடம் என்று அர்த்தம். மூன்று வீடு என்றால் டிரிப்ளெக்ஸ். இவளுடையது ஒரு பழைய டிரிப்ளெக்ஸின் மேல் இரண்டு வீடுகளை ஒன்றாக்கிச் செய்த காண்டோ, அதாவது கட்டடத்துக்குள் தனியாக விலைக்கு வாங்கிய வீடு. வலது கதவு, மூன்றாம் தளத்துக் குடும்பத்தின் தலைவாசலாக இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த செங்குத்தான படிதான் இப்போது வீட்டின் நடுவே, கண்ணாடிக் கைப்பிடியோடு நிற்கிறது.

புதுப்பித்தவர்கள் கைதேர்ந்தவர்கள், சந்தேகமே இல்லை. இத்தகைய வீடுகள் சுமார் 25 அடி அகலத்தில் நீண்டு கிடப்பவை. இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர் என்பதால் சன்னல் முன்னாலும் பின்னாலும்தான், நடுவீடு இருட்டு. அந்த இருட்டுக்கு நேர் மேலே கூரையைத் திறந்து கண்ணாடி போட்டிருக்கிறார்கள். மதிய வெயில் படிக்கட்டு வழியாகக் கீழ்த்தளத்து அடுக்களை மேடைவரை இறங்குகிறது. பக்கத்து வீட்டோடு பொதுவாக உள்ள சுவரில் பூச்சைச் சுரண்டிச் செங்கல்லை வெளியே காட்டியிருக்கிறார்கள். கை வைத்துப் பார்த்தேன், கோடையிலும் குளிர்ச்சி.

எனக்கு அதிகம் பிடித்தது தரை. பழைய மேப்பிள் பலகைகளை எடுக்காமல் இழைத்து மெருகேற்றியிருந்தார்கள். கூடத்தின் குறுக்கே ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் பலகை வெளிறிய நிறம், ஓட்டமும் வேறு திசை. அங்கே ஒரு சுவர் நின்றிருக்கிறது. அதற்கு அப்பால் சின்னதாக ஒரு சதுரம். விறகு அடுப்பு இருந்த இடம் என்றாள். காலையில் காபிக் கோப்பையோடு அந்தச் சதுரத்தின்மேல் நின்றுகொள்வேன். மாடிப்படியின் ஒவ்வொரு பலகையும் நடுவில் லேசாகக் குழிந்திருக்கிறது. எத்தனை ஆண்டுகளாக எத்தனை பேர் ஏறி இறங்கியிருந்தால் மரம் அப்படித் தேயும்!

கீழ்வீட்டில் நாற்பது வருடமாக வாடகைக்கு இருக்கும் ஒரு மூதாட்டியிடம் இதைச் சொன்னபோது, அவர் பிரெஞ்சில் பேசப் பேச அண்ணன் மகள் தமிழில் சொன்னாள். பச்சைக் கதவுக்குப் பின்னால் அம்மா, அப்பா, ஐந்து பிள்ளைகள். கடைசியாக மகள் மட்டும் தனியே இருந்தாள். கட்டடம் கைமாறியதும் அவளும் காலி செய்து, ஆற்றுக்கு அப்பால் லோங்கேய் பக்கம் போய்விட்டாள். கதையைச் சொன்ன குரலில் கோபமில்லை. ஆனால் பேசும்போதெல்லாம் மேலே அந்தக் கதவையே பார்த்தார்.

"நாங்க வாங்குறதுக்கு முன்னாடியே ஒண்ணா சேர்த்துட்டாங்க அத்தை" என்று அவள் என்னிடம் இரண்டு முறை சொன்னாள். வாடகை வீடுகள் குறைந்துகொண்டே போவதால் இப்படி வீடுகளை ஒன்றாக்குவதற்கு வட்டார நிர்வாகம் இப்போது கடுமையான கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அது சரிதான் என்பதே என் எண்ணம். இத்தனை அழகான வீட்டில் உட்கார்ந்துகொண்டும் அப்படித்தான் தோன்றியது.

ஊர் சுற்றியதை விரிவாக எழுதப் போவதில்லை. கோடையில் வண்டிகளை நிறுத்தி நடப்பவர்களுக்கே விட்டுவிடும் மோன்ரொயால் அவென்யூவில் நடந்தோம். தேன் கலந்த நீரில் வேகவைத்து விறகடுப்பில் சுடும் பேகல்களை, 1957 முதல் சுட்டுவரும் சான் வியாத்தர் கடையில் கைபொறுக்காத சூட்டில் வாங்கித் தின்றோம். இரவில் மொட்டை மாடியிலிருந்து குன்றின்மேல் ஒளிரும் சிலுவை தெரியும், 1924-ல் நிறுத்தியது. ஆனால் நான் அதிகநேரம் இருந்தது பால்கனியில்தான். படி தெருவுக்கு இறங்குவதால் போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஏறிட்டுப் பார்த்து வணக்கம் சொல்கிறார்கள். எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணைக்குப் பிறகு அப்படி உட்கார்ந்தது இங்கேதான்.

கிளம்பும் நாள் காலையில் பச்சைக் கதவின் தபால் பெட்டியில் ஒரு உறை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மகளின் பெயருக்கு. "இன்னும் எப்பவாவது வரும். கீழ்வீட்டுப் பாட்டி மாசம் ஒரு தடவை அவங்களப் பார்க்கப் போவாங்க, அவங்ககிட்ட குடுத்துடுவேன்" என்றாள்.

நானே வாங்கிக்கொண்டேன். ஒரு கையில் இரும்புக் கம்பி, மறு கையில் கடிதம். அந்த வளைவு படியில் மெதுவாக இறங்கினேன். பாட்டி கதவைத் திறந்து, பெயரைப் படித்துவிட்டு, அதைத் தன் ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டார்.