நிலத்தின் விலையைக் கடைசியில் எழுதுங்கள்

குமரி மாவட்டத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் அடுக்குமாடித் திட்டத்துக்கு இடம் பார்க்கப் போனால் பேச்சே சென்ட் விலையில்தான் தொடங்கும். “சென்டுக்குப் பத்து லட்சம் கேட்கிறார், முடிச்சிடலாமா?” என்பார்கள். வரவு செலவின் மற்ற எல்லாத் தொகைகளையும் எழுதி முடித்த பிறகே இதற்குப் பதில் சொல்ல முடியும்.

50 சென்ட் மனை என்று வைத்துக்கொள்வோம். 21,780 சதுர அடி. 3,000 சதுர மீட்டருக்குள் அடங்குவதால் பூங்காவுக்கு 10 சதவீதம் ஒதுக்க வேண்டியதில்லை. எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 என்றால் 43,560 சதுர அடி, ஏறக்குறைய 40 வீடுகள். சதுர அடி 5,500 ரூபாய்க்கு விற்றால் வரவு 23.96 கோடி. கட்டுமானம், ஜிஎஸ்டியும் தூண்களுக்கு நடுவே தரைத்தளத்தில் வரும் ஸ்டில்ட் பார்க்கிங்கும் சேர்த்து 2,600 வீதம் 11.33 கோடி. வரைபடம், அனுமதி, இணைப்புக் கட்டணங்கள் அதில் 8 சதவீதம். எதிர்பாராச் செலவு கட்டுமானத்தில் 5 சதவீதம். விற்பனைச் செலவு வரவில் 3 சதவீதம், லாபம் 18 சதவீதம். கட்டுமான வட்டி 1 கோடி. எல்லாம் கழித்தால் மிச்சம் 5.12 கோடி.

இந்த 5.12 கோடியையும் நில உரிமையாளரிடம் கொடுத்துவிட முடியாது. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அதன்மேல் மூன்று வருடத்துக்கு 12 சதவீதத் தனி வட்டி. நிலம் வாங்க வங்கிகள் பில்டருக்குக் கடன் தருவதில்லை என்பதால் 12 என்பதே இரக்கமான கணக்கு. இவற்றையும் எடுத்தால் நிலத்துக்கு நிற்பது 3.45 கோடி. சென்டுக்கு 6.9 லட்சம்.

இனி அதே கணக்கை இரண்டு இடத்தில் அசைத்துப் பாருங்கள். விற்பனை விலை 5 சதவீதம் இறங்கினால் நிலம் தாங்கும் விலை 5.6 லட்சமாகிறது. விலை இறங்காமல் வேலை ஒரு வருடம் இழுத்தாலும், கட்டுமான வட்டி அரைக் கோடி ஏறி, ஏறக்குறைய அதே இடத்துக்குத்தான் வருகிறது: 5.7 லட்சம். விலையைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் அந்த ஒரு வருடத்தைக் கண்டுகொள்வதில்லை. எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம்.

சரி, 5,500 என்பது எங்கிருந்து வந்தது? திருவனந்தபுரத்து விலையைக் கேட்டு, கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் குறைத்துப் போடுவது இங்கே பழக்கம். விழிஞ்ஞம் துறைமுகம் வந்த பிறகு அந்தப் பேச்சு கூடியிருக்கிறது. அது வேறு சந்தை. பக்கத்தில் முடிந்துபோன அடுக்குமாடி ஒன்றின் சர்வே எண்ணைப் போட்டு, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பாருங்கள். பத்திரத்தில் தொகையைக் குறைத்துக் காட்டியிருக்கலாம். பதிவான தேதிகளை மாற்றிக் காட்ட முடியாது. 30 வீடு பதிவாக நான்கு வருடம் ஆகியிருந்தால் உங்கள் 40 வீடு இரண்டு வருடத்தில் போகாது. வளைகுடாப் பணத்தை நம்பும் திட்டங்களில் பதிவுகள் விடுமுறை மாதங்களில் கொத்துக் கொத்தாக வரும். இடைப்பட்ட மாதங்களுக்கும் வட்டி ஓடும். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் வராமல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்குவதிலும் 70 சதவீதம் தனிக் கணக்கில் கிடக்கும்.

இந்த மாவட்டத்தில் உங்களுக்குப் போட்டி இன்னொரு பிளாட் அல்ல, ஐந்து சென்டில் தனி வீடு. 40 வீட்டுக்குப் பிரித்தால் நிலத்தில் ஆளுக்கு ஒன்றேகால் சென்ட் பிரிபடாத பாகம், அதாவது தனியே பிரிக்காத பங்கு. வாங்க வருகிறவர் அதை முதலிலேயே கேட்பார். பதில் தயாராக இருக்கட்டும்.

காலம் எங்கே போகிறது என்றால், பெரும்பாலும் மண்ணிலும் பத்திரத்திலும். பக்கத்துத் தோப்பின் தென்னை மூடு (அடிப்பகுதி) உங்கள் மனையைவிட நாலடி தாழ நிற்கிறதா? அப்படியானால் நீங்கள் நிற்பது மண்ணடித்த வயல் என்று சந்தேகப்பட வேண்டும். மேலே செம்மண், அடியில் கறுத்த களி. பைல், அதாவது ஆழ்தூண் அடித்தளம், போட வேண்டிவரும். நன்செய் என்று பதிவாகியிருந்தால் வகை மாற்றத்துக்கும் அலைய வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே 15 மீட்டர் வரை துளை போட்டுப் பாருங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் இங்கே உண்டு. ஜனவரியில் தோண்டி மே மாதத்துக்குள் தரைமட்டத்துக்கு மேலே வரவில்லை என்றால், ஜூனில் குழி குளமாகிவிடும். தாய்ப் பத்திரம் 1956-க்கு முந்தையதானால் மலையாளத்தில் இருக்கலாம். பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவரை வைத்து, பாகப் பிரிவினையில் எந்தப் பங்காளியாவது விடுபட்டிருக்கிறாரா என்று வரிவரியாகப் படிக்க வேண்டும். சாலை அகலத்தை வாசலில் மட்டும் அளக்காமல் மெயின் ரோடு வரை டேப் பிடியுங்கள். கட்டணம் கட்டிக் கூடுதலாக வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. 9 மீட்டர் சாலைக்கு 30 சதவீதம், 12-க்கு 40, 18-க்கு 50. நடுவில் ஒரு மதில் துருத்திக்கொண்டிருந்தால் கணக்கே மாறும்.

பத்து லட்சத்தில் பிடிவாதமாக நிற்கும் உரிமையாளரிடம், நிலத்துக்குப் பணத்துக்குப் பதில் வீடுகளைக் கொடுக்கும் கூட்டு ஒப்பந்தம் பேசிப் பார்க்கலாம். கிரயச் செலவும் நில வட்டியும் இல்லாததால் அந்த 5.12 கோடியும் அவர் பக்கம் போகும். அவர் பங்கு வீடுகளுக்கான ஜிஎஸ்டியை பில்டர் கட்டிய பிறகும் 8 வீடு கொடுக்க முடியும். இன்றைக்கே கையில் 3.45 கோடி வேண்டுமா, மூன்று வருடம் பொறுத்து 8 வீடு வேண்டுமா என்று காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். அவர் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசட்டும்.